தளி ரோஜாக் குடிலில் செம்பேன் மழைக்கும் ஏன் போகவில்லை?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருகிறவர்களுக்கும் விளங்கும். ஓசூரை அடுத்த தளி பக்கம் அரை ஏக்கர் பாலிஹவுஸில் சிவப்பு ரோஜா வைத்திருக்கிறீர்கள். மாசி பிறந்ததும் இலைச்சாறு உறிஞ்சும் செம்பேன் ஏறுகிறது. சித்திரைக்குள் கீழ் இலைகள் வெளுத்து உதிர்கின்றன. மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் பத்து நாளில் திரும்பி வருகிறது. கோத்தகிரியில் தேயிலை வைத்திருக்கும் உங்கள் மச்சானோ, "எங்களுக்கும் கோடையில் வரும், ரெண்டு நல்ல மழை விழுந்தால் அடங்கிடும், நீயும் மழை வரைக்கும் பொறு" என்கிறார். நீங்களும் பொறுத்திருக்கிறீர்கள். ஆடியில் வெளியே மழை பெய்தும் உள்ளே செம்பேன் குறையவில்லை. அப்படியானால் இதை ஏற்றுவதும் இறக்குவதும் வெயிலா, ஈரப்பதமா, மழையா, அடிக்கிற மருந்தா என்பது கேள்வி. இதில் எது உங்கள் கையில் இருக்கிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுருக்கமான பதில்: நான்கும் சேர்ந்துதான். ஆனால் மச்சானின் தோட்டத்தில் மழை செய்கிற வேலையை உங்கள் குடிலுக்குள் செய்ய எதுவும் இல்லை. மேலே ஷீட் போட்ட அன்றே மழையை வெளியே நிறுத்திவிட்டீர்கள், வெப்பம் மட்டும் உள்ளே வந்தது. குடிலுக்குள் இருக்கும் பருவநிலையில் பாதியாவது நீங்கள் உண்டாக்குவது, அதனால் பாதியாவது உங்கள் கையில் இருக்கிறது. நான் வேளாண் பூச்சியியல் படித்தவன். ஓசூர், கெலமங்கலம், சூளகிரி, பாலக்கோடு பக்கம் ரோஜா, குடைமிளகாய், தக்காளி, சாமந்தித் தோட்டங்களைப் பார்த்து யோசனை சொல்வதுதான் என் வேலை. தேயிலையில் எனக்கு அன்றாடப் பழக்கம் கிடையாது. ஆகவே தேயிலை பற்றி ஆராய்ச்சியில் நிலைபெற்றதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நீங்களும் மச்சானும் செம்பேன் என்றே சொன்னாலும் இரண்டும் வேறு வேறு இனம். தேயிலையில் வருவது ஒலிகோனிக்கஸ் காஃபியே. 1861இல் நீட்னர் என்பவர் இலங்கையில் காப்பிச் செடியில் கண்டு விவரித்தது, ஆனால் பெரிய சேதம் செய்வது தேயிலையில்தான். உங்கள் ரோஜாவில் இருப்பது, ஏறக்குறைய நிச்சயமாக, டெட்ரானிக்கஸ் உர்டிகே என்ற இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடியினங்களில் வாழக்கூடியது. உங்கள் குடிலைச் சுற்றி இருக்கிற கத்தரி, வெண்டை, அவரை, சாமந்தி, வரப்போரக் களை எல்லாமே அதற்குச் சாப்பாடுதான். இரண்டும் பூச்சி வகையே கிடையாது, எட்டுக்கால் உள்ள சிலந்தி வகை. பூச்சிக்கு அடிக்கிற பல மருந்துகள் இவற்றிடம் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை இலையில் உட்காரும் இடத்தில்தான் பெரிய வேறுபாடு. தேயிலைச் செம்பேன் முற்றிய இலையின் மேல்பக்கத்தில் வாழ்கிறது. நரம்போரத்தில் தொடங்கி, சாறு போன இடமெல்லாம் செம்பழுப்பாகி, தூரத்திலிருந்து பார்த்தாலே புதர் வெண்கல நிறத்தில் தெரியும். மிகவும் பெருகினால்தான் அடிப்பக்கத்துக்கும் போகும். உங்கள் ரோஜாவில் இருப்பது நேர்மாறு. மேலே பார்த்தால் ஊசி குத்திய மாதிரி வெளிர்ப்புள்ளிகள் மட்டும் தெரியும். இலையைத் திருப்பிப் பத்து மடங்கு லென்ஸை வையுங்கள். நடுநரம்பின் இருபுறமும், காம்பு வந்து சேரும் இடத்திலும், ஒளி ஊடுருவும் உருண்டை முட்டைகள், ஆறு கால் மட்டுமே உள்ள புதுக்குஞ்சுகள், எட்டுக் கால் வளர்ந்த பச்சை மஞ்சள் நிறப் பேன்கள், அவற்றின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாகக் கரும்புள்ளி, நடுவே வெள்ளைத் தூசு போல உரித்துப்போட்ட தோல்கள். பெருகிவிட்டால் இவற்றுக்கெல்லாம் மேலே மெல்லிய நூல்வலை. அந்த வலைக்கு உள்ளேதான் முட்டை.

இப்போது மழைக்கு வருவோம். தேயிலையில் மழைத்துளி நேராக செம்பேன் இருக்கும் மேல்பக்கத்தில் அடிக்கிறது. பேனும் குஞ்சும் கழுவிக்கொண்டு போகும். மழையோடு வெப்பம் இறங்கும், காற்றில் ஈரம் ஏறும், புதுக்கொழுந்து தள்ளும். எல்லாம் ஒரே வாரத்தில் நடப்பதால் மச்சானுக்கு மழை ஒன்றே எல்லாவற்றையும் செய்ததாகத் தோன்றுகிறது. அவர் சொல்வது அவருடைய தோட்டத்துக்குச் சரிதான். ஆனால் அங்கேயும் முழுதாகப் போவதில்லை. புதரின் உள்ளே மழை படாத முற்றிய இலைகளில் கொஞ்சம் தங்கி, அடுத்த வறண்ட பருவத்தில் மறுபடி அங்கிருந்துதான் கிளம்புகிறது. இலைக்கு அடியில், வலைக்குள் வாழும் உங்கள் பேனுக்கு, திறந்தவெளியில் இருந்தாலும், மழையின் நேரடி அடி அந்த அளவுக்கு விழாது. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மரவள்ளியில் கோடையில் சிலந்திப்பேனால் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். கோடை மழைக்குப் பிறகு அதுவும் தேறிவிடுகிறது. அதில் மழை கழுவியது ஒரு பங்கு. குளிர்ந்த காற்றும், ஈரமும், செடி தள்ளிய புதுத் தழையும் சேர்ந்தது பெரும்பங்கு என்பது என் கணிப்பு. குடிலுக்குள் கழுவலும் இல்லை. டிரிப்பில் வேருக்குப் போகிற தண்ணீர் இலையைத் தொடுவதே இல்லை. ஆகவே மழைக்காகப் பொறுத்திருப்பதில் உங்களுக்குப் பயன் மிகக் குறைவு.

வெப்பம் பற்றிச் சொல்வது எல்லாவற்றிலும் உறுதியானது, ஏனென்றால் ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தது. இரட்டைப்புள்ளிப் பேன் முட்டையிலிருந்து வளர்ந்த பேனாக 20 டிகிரி செல்சியஸில் சுமார் 16 நாள் எடுக்கிறது, 30 டிகிரியில் அதில் பாதி போதும். ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். ஒரு பெண் பேன் தன் ஆயுளில் நூறு முட்டை வரை, சில சமயம் அதற்கு மேலும் இடும். இது வட்டிக்கு வட்டி ஏறுகிற கணக்கு. கணக்குக்காக, ஒவ்வொரு தாயும் பிழைக்கிற பத்து மகள்களை விட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 நாளில் 20 டிகிரியில் இரண்டு தலைமுறை, அதாவது ஒன்று நூறாகும். அதே 32 நாளில் 30 டிகிரியில் நான்கு தலைமுறை, ஒன்று பத்தாயிரமாகும். வெப்பம் இரண்டு மடங்கு ஆகவில்லை, பேன் நூறு மடங்கு ஆகிவிட்டது. மார்கழியில் இரண்டொரு இலையில் இருந்த பேனை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பங்குனியில் அதே பேன் செடிப் படுக்கை முழுக்கப் பரவி நிற்பதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, கலவி நடக்காத பெண்ணும் முட்டையிடும், அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டும் பிறக்கும். அந்த ஆணோடு அதே தாய் சேர்ந்து பிறகு பெண்களையும் பெற முடியும். ஒரு சட்டையில் ஒட்டி வந்த ஒரே ஒரு பேன் ஒரு படுக்கை முழுவதும் பரவுவதைத் தொடங்கிவிடும்.

இதில் உங்கள் ஊருக்கு உரிய செய்தியும் உண்டு. ஓசூர், தளி மேட்டுநிலம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை இரவுகள் நன்றாகக் குளிரும். இரவில் வளர்ச்சி ஏறக்குறைய நின்று போவதால் அப்போது பேன் மெதுவாகத்தான் ஏறும். அதே சமயம் காதலர் தினத்துக்காக டிசம்பரில் கவாத்து செய்து, உரம் தண்ணீர் எல்லாம் கணக்காகக் கொடுத்து, பிப்ரவரி முதல் வாரங்களில் பூவை எடுத்துவிடுகிறோம். பூ போனதும் கையில் இருக்கும் ஆட்களும் கவனமும் கொஞ்சம் தளர்கின்றன. சரியாக அந்த நேரத்தில்தான் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுகிறது, இரவும் சூடாகத் தொடங்குகிறது. பக்கத் திரையைச் சரியாகச் சுருட்டாத குடிலில் உள்வெப்பம் வெளியைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாக நிற்பது சாதாரணம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் மாதிரித் தாழ்ந்த இடங்களைவிடத் தளி குளிர்ச்சியான ஊர் என்பது உண்மை. ஆனால் பேன் வாழ்வது குடிலின் வெப்பத்தில். 38, 40 டிகிரியைத் தாண்டினால் பேனுக்கும் கஷ்டம்தான், முட்டையும் குஞ்சும் சாகும். அதற்கு முன்னால் ரோஜா கெட்டுவிடும் என்பதால் அந்த வழியை நம்ப முடியாது.

அடுத்தது ஈரப்பதம். இதையும் உறுதியாகச் சொல்லலாம்: வறண்ட காற்று சிலந்திப்பேனுக்குச் சாதகம். அது குடிப்பது இலையின் சாறு, அதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரை உடலிலிருந்து வெளியேற்றினால்தான் மேலும் உறிஞ்ச முடியும். காற்று காய்ந்திருந்தால் வேகமாக வெளியேறும், பேனும் அதிகம் உறிஞ்சும், அதிகம் முட்டையிடும். ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நின்றால் முட்டையிடுவது குறைகிறது, குஞ்சு பொரிப்பதும் தோலுரிப்பதும் தடைப்படுகிறது. அப்படிப்பட்ட ஈரத்தில் நியோசைஜைட்டிஸ் என்ற பூஞ்சையும் பேனைத் தாக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கம்பத்தில் தொங்கும் ஈரப்பதமானி காட்டுவது நடைபாதையின் காற்றை. இலையின் அடியில், அதன் தோலை ஒட்டிய மெல்லிய படலத்தில், இலையே வெளியிடும் ஈரம் தங்கி நிற்கிறது. பேன் வாழ்வது அந்தப் படலத்தில். செடிக்குத் தண்ணீர் போதாமல் இலைத்துளைகள் மூடிக்கொண்டால் அந்த ஈரமும் போகும், இலையும் சுற்றுக் காற்றைவிடச் சூடாகும். மதியம் இலையைத் தொட்டால் சுடுகிறது என்று நீங்கள் உணர்ந்தால், பேனுக்குப் பிடித்த நிலைமை அங்கே வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வறட்சியும் வெப்பமும் பேனை வேகப்படுத்துவதோடு நிற்பதில்லை, அதன் எதிரியையும் முடக்குகின்றன. இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். சிலந்திப்பேனைத் தின்னும் வேட்டைப் பேன்கள் உண்டு. நம் ஊரில் நியோசியூலஸ் லாஞ்சிஸ்பினோசஸ் என்ற இனம் பல பயிர்களில் தானாகவே இருக்கிறது. லென்ஸில் பார்த்தால் நீர்த்துளி வடிவில், பளபளப்பாக, தான் தின்கிற பேனைவிட வேகமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டெதோரஸ் என்ற கடுகுக்கும் சிறிய கருவண்டு, செம்பேனின் முட்டையையும் குஞ்சையும் தின்றே வாழ்கிறது. தேயிலையிலும் இந்த வண்டு முக்கியமான எதிரி. வேட்டைப் பேன்களின் முட்டை வறட்சியை அவ்வளவாகத் தாங்காது. காற்றின் ஈரப்பதம் 50, 60 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் போனால் பல முட்டைகள் பொரிக்காமலே வற்றிவிடும். சிலந்திப்பேனின் முட்டையோ அதே வறட்சியில் நன்றாகப் பொரிக்கும். ஆகவே சித்திரை மதியத்தில் ஒரு பக்கம் பேன் எட்டு நாளுக்கு ஒரு தலைமுறை ஓடுகிறது, மறுபக்கம் காவலுக்கு இருந்தவை குறைந்துகொண்டே போகின்றன. வெயில், ஈரம் என்று தனித்தனியாகப் பார்த்தால் இது பிடிபடாது. இந்த இடைவெளி எவ்வளவு அகலமாகிறது என்பதே பெருக்கத்தைத் தீர்மானிக்கிறது.

தூசியும் அந்த இடைவெளியை அகலமாக்குகிறது. தேயிலைத் தோட்டங்களில் செம்பேன் முதலில் தலைகாட்டுவது வண்டி ஓடும் பாதையோரப் புதர்களில்தான் என்பது பல காலமாகத் தெரிந்தது. நம் மாவட்டத்தில் கிரானைட் லாரி ஓடும் மண்சாலை ஓரத்து மாமரங்களில் இலை வெண்கலமாகி நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அங்கேயும் இலையின் மேல்பக்கத்தில் வாழும் ஒலிகோனிக்கஸ் வகைச் செம்பேன்தான். தூசி படிந்த இடத்தில் பேன் அதிகம் என்பதில் சந்தேகமில்லை. தூசி வேட்டைப் பேன்களையும் வண்டுகளையும் இரை தேட விடாமல் தடுப்பதாலா, இலையைச் சூடாக்குவதாலா, எது எத்தனை பங்கு என்பதில்தான் கருத்து வேறுபாடு. உங்களுக்கு வேண்டியது பலன் மட்டும் என்றால், குடில் வாசலுக்கும் சாலைப்பக்கத் திரைக்கும் முன்னால் காலையில் ஒரு முறை தரையை நனைத்துவிடுவதே போதுமான நன்மை தரும்.

நிழலும் உரமும் இதே பட்டியலில் வருகின்றன. தேயிலையில் சில்வர் ஓக் நிழலை ஒட்ட வெட்டிவிட்ட பகுதிகளில் செம்பேன் கூடுவது நன்கு அறியப்பட்டது. குடிலில் அந்த வேலையை ஷேட் நெட் செய்யும். ஆனால் ரோஜாவுக்கு வெளிச்சம் குறைந்தால் தண்டு மெலியும் என்பதால் நாள் முழுக்க மூடிவைக்கக் கூடாது, உச்சி வெயில் நேரத்துக்கு மட்டும் இழுக்க வேண்டும். தழைச்சத்தைப் பொறுத்தவரை, சத்து அதிகமான இலையில் பேன் அதிக முட்டையிடுகிறது என்பது நிரூபணமானது. பிப்ரவரி அறுவடைக்குப் பிறகு செடி தேறட்டும் என்று யூரியாவும் நைட்ரேட்டும் அள்ளிக்கொடுப்பது பேனுக்கும் கொடுப்பதுதான். தண்ணீர்க் குறைவு விஷயத்தில் மட்டும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. லேசான, விட்டு விட்டு வரும் தாகத்தில் பேன் பெருகியதாகவும், கடுமையான வறட்சியில் குறைந்ததாகவும் முடிவுகள் இருக்கின்றன. ஆனால் தாகத்தில் இருக்கும் செடி அதே எண்ணிக்கைப் பேனுக்கு அதிக சேதம் காட்டும், ஏற்கெனவே இழக்கிற தண்ணீரோடு பேன் உறிஞ்சுவதும் சேர்வதால்.

வெயிலும் வறட்சியும்தான் எல்லாப் பேனுக்கும் காரணம் என்று இதைப் பொதுவிதியாக்கிக்கொள்ள வேண்டாம். மஞ்சள் பேன் எனப்படும் பாலிஃபேகோடார்சோனிமஸ் லேட்டஸ் வெதுவெதுப்பும் ஈரமும் நிழலும் உள்ள இடத்தில்தான் பெருகும். தேயிலை நாற்றங்காலில் இளம் கொழுந்தைச் சுருக்குவது அது. நம் பக்கம் மிளகாயிலும் குடைமிளகாய்க் குடிலிலும் அதுதான். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து நீண்டால் மஞ்சள் பேன், மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன் (த்ரிப்ஸ் என்ற சிறு பூச்சி) என்று மிளகாயில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. தேயிலையில் இன்னும் ஊதாப் பேன், இளஞ்சிவப்புப் பேன், கருஞ்சிவப்புப் பேன் என்று தனித்தனி இனங்கள் வருகின்றன. கருஞ்சிவப்புப் பேன் இலையின் அடியில் நடுநரம்பையும் காம்பையும் ஒட்டியே வாழும், வலை பின்னாது. பக்கத்துக் குடிலில் குடைமிளகாய் வைத்திருக்கும் நண்பர் உங்களைப் பார்த்து ஃபாகரை (பனிப்புகை போல நீர் தெளிக்கும் கருவியை) நாள் முழுக்க ஓட்டினால் அவருக்கு வேறு பேன் வந்து சேரலாம்.

இனி மருந்து. நீங்கள் எழுதிய பட்டியலில் ஒன்று என் கண்ணில் பட்டது. மாசியில் இலைப்பேனுக்காக செயற்கை பைரித்ராய்டு மருந்தை இருமுறை அடித்திருக்கிறீர்கள், அதற்குப் பிறகுதான் செம்பேன் வெடித்திருக்கிறது. இது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை வேட்டைப் பேனையும் ஸ்டெதோரஸ் வண்டையும் துடைத்துவிடும், செம்பேனை அந்த அளவுக்குக் கொல்லாது. இமிடாகுளோபிரிட் அடித்த செடிகளிலும் பேன் கூடியதாகப் பல பயிர்களில் பதிவாகியிருக்கிறது. தேயிலையிலும் தேயிலைக்கொசுவுக்கு பைரித்ராய்டு அடித்த பிறகு செம்பேன் ஏறுவது தெரிந்த செய்தி. வெப்பம் ஏறத் தொடங்கும் வாரங்களில் காவலை எடுத்துவிட்டால் மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

மருந்து மாற்றி அடித்தும் பத்து நாளில் திரும்புவது ஏன் என்று கேட்டீர்கள். மூன்று காரணங்கள் சேரலாம். ஒன்று, இடைவெளி. 30 டிகிரியில் முட்டை மூன்று நாளில் பொரிக்கும், 20 டிகிரியில் ஏழு நாள் வரை ஆகும். வளர்ந்த பேனை மட்டும் கொல்லும் மருந்தை சித்திரையில் அடித்துவிட்டு பன்னிரண்டு நாள் கழித்து மறுமுறை அடித்தால், நடுவில் பொரித்தவை வளர்ந்து முட்டையிட்டு முடித்திருக்கும். வெயில் காலத்தில் இரண்டாம் முறை ஐந்து முதல் ஏழு நாளுக்குள், குளிரில் பத்துப் பன்னிரண்டு நாளில் என்று வெப்பத்தைப் பார்த்து இடைவெளியை மாற்ற வேண்டும். ஹெக்சிதியாசாக்ஸ், எடோக்சசோல் போன்றவை முட்டையையும் குஞ்சையும் தாக்கும், வளர்ந்ததைக் கொல்லாது. அதை அடித்த மறுநாள் பேன் ஓடுவதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று வேறொன்றை அடிப்பது வீண். இரண்டு, எதிர்ப்புத்திறன். உலகத்தில் மிக அதிகமான மருந்துகளுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட உயிர்களில் இந்தப் பேன் முதலிடத்தில் வைத்துப் பேசப்படுகிறது. சூட்டில் தலைமுறை வேகமாக ஓடும்போது எதிர்ப்பும் வேகமாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கடையில் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் மூலப்பொருள் அதே குழுவாக இருக்கலாம், டப்பாவில் அந்தப் பெயரைப் படித்து மாற்றுங்கள். மூன்று, மருந்து போய்ச் சேராத இடம். ரோஜாவில் இலைக்காக வளைத்துவிட்டிருக்கும் கீழ்க்கிளைகளைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். அடர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, காற்றோட்டம் இல்லாமல் கிடக்கும் அந்த இலைகளின் அடிப்பக்கம்தான் பேனின் தாய்வீடு. மேலிருந்து அடிக்கிற மருந்து அங்கே போவதே இல்லை. முனையை மேல்நோக்கித் திருப்பிக் கீழிருந்து அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் முற்றி மஞ்சளான வளைகிளைகளை வெட்டி, இழுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே பையில் கட்டி வெளியேற்ற வேண்டும்.

ஈரப்பதத்தை ஏற்றச் சொல்லுகிறேனா என்றால், அளவோடு. ரோஜாவில் ஈரம் தங்கினால் டவுனி என்ற அடிச்சாம்பல் நோய் வரும், பூவில் போட்ரைடிஸ் என்ற பூஞ்சை அழுகல் வரும். செம்பேனை விரட்டப்போய் டவுனியை வரவழைத்த குடில்கள் நம் பக்கம் குறைவில்லை. டவுனிக்கு வேண்டியது இரவிலும் விடியலிலும் குளிர்ச்சியோடு தங்கும் ஈரம். பேனுக்குப் பிடித்தது மதியத்து வறட்சி. இந்த நேர வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். காலை பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரை, பக்கத் திரைகளைத் திறந்து வைத்து, ஃபாகரைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டி, ஈரப்பதத்தை 60 முதல் 70 சதவீதத்தில் வைத்தால் போதும். மூன்றரைக்குப் பிறகு நிறுத்தி, சாயங்காலத்துக்குள் இலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பேன் மிகுந்த படுக்கைகளில் வெறும் தண்ணீரை அழுத்தத்தோடு இலையின் அடியில் அடித்துக் கழுவுவதும் நல்ல பலன் தரும், உங்கள் மச்சானின் மழை செய்வதை நீங்கள் கையால் செய்வது அது. வெயில் ஏறும் முன் காலையில் செய்யுங்கள். ஆடி ஆவணியில், வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது ஃபாகர் வேண்டாம், கழுவுவதோடு நிறுத்துங்கள். நனையும் கந்தகத்தூள் அடிப்பதானால் 32 டிகிரிக்கு மேல் வேண்டாம், இலை கருகும். எண்ணெய் வகை மருந்தோடு நெருக்கி அடிப்பதும் ஆகாது.

தேடுவதை முன்கூட்டித் தொடங்குங்கள். தை முடிவதற்குள், பூ அறுவடை மும்முரத்திலும், வாரம் ஒரு முறை ஒரே ஆள் லென்ஸோடு நடக்க வேண்டும். வாசலை ஒட்டிய வரிசை, மேற்குப் பக்கத் திரையோரம், டிரிப் அடைபட்டு வாடும் செடிகள், சாலைப்பக்கம், இந்த இடங்களில்தான் முதலில் தெரியும். பேன் கண்ட செடிக்கு ஒரு ரிப்பன் கட்டி, அதையும் சுற்றியுள்ள நாலைந்து செடிகளையும் மட்டும் அப்போதே கவனித்தால், குடில் முழுக்க அடிக்கிற மருந்தில் பெரும்பகுதி மிச்சமாகும், வேட்டைப் பேனும் பிழைக்கும். பேன் பிடித்த படுக்கையில் வேலை செய்தவர்களைச் சுத்தமான படுக்கைக்கு அன்று அனுப்ப வேண்டாம், பேன் உடையில் ஏறிப் போகும். பக்கத்தில் யாராவது பட்டுப்புழுவுக்காக மல்பெரி வைத்திருந்தால் காற்று அந்தப் பக்கம் அடிக்கும் நேரத்தில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள். மருந்துச் சாரல் பட்ட இலையைத் தின்ற புழு கூடு கட்டாமல் போகலாம்.

நீங்கள் அனுப்பிய படம் மேல்பக்கத்து வெளிர்ப்புள்ளிகளை மட்டும் காட்டுகிறது. அதை வைத்துச் சிலந்திப்பேன் என்று சொல்லலாம், எந்த மருந்துக்கு எதிர்ப்பு ஏறியிருக்கிறது என்று படத்தை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது. சந்தையில் கிடைக்கும் வேட்டைப் பேனை வாங்கி விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விடலாம், ஆனால் மாசிக்கு முன், பேன் குறைவாக இருக்கும்போது, பைரித்ராய்டு அடித்துச் சில வாரமாவது கடந்த பிறகு. சித்திரையில் பேன் வலை கட்டிய பிறகு விட்டால் பணம் வீணாகும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பம் இரண்டையும் பதியும் வெப்பமானியும் ஈரப்பதமானியும் சேர்ந்த சிறு கருவி ஒன்றை, நடைபாதையில் தொங்கவிடாமல், வளைகிளைகளின் உயரத்தில் செடிகளுக்கு நடுவே நிழலில் வையுங்கள். இரண்டு வாரம் காலை ஏழு, மதியம் இரண்டு மணிக்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே ஐந்து இடங்களில் பத்துப் பத்து இலையைத் திருப்பிப் பார்த்து, பேன் இருந்த இலை எத்தனை, அதில் வேட்டைப் பேன் தெரிந்த இலை எத்தனை என்றும் எழுதுங்கள். அந்தக் கணக்கை இங்கே போட்டால், அடுத்த மருந்துக்கு எத்தனை நாள் இடைவெளி, ஃபாகர் தேவையா இல்லையா என்று உங்கள் குடிலுக்கே பொருத்தமாகச் சொல்கிறேன்.